உங்களுக்குத் தெரியுமா? காளானும் கிருமியும்

மழை விட்ட மறுநாள் ஜெர்சி சிட்டி லிங்கன் பார்க்கில் நடந்தால், மரத்தடியில் பரப்பிய மரச்சிராய் மேல் காளான் கூட்டம் முளைத்து நிற்கும். மருந்துக் கடைக்குள் நுழைந்தால் ரெய்ஷி, சாகா, டர்க்கி டெயில் என்று டப்பா டப்பாவாகக் காளான் தூள். ‘பாரம்பரிய மருந்து, எல்லாக் கிருமியையும் கொல்லும்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. இதில் ஆய்வகம் கண்டது எது, மருத்துவரின் சீட்டு வரை வந்தது எது, வெறும் பேச்சு எது? துண்டு துண்டாகப் பார்ப்போம்.

ரயில் தூரத்தில் ஒரு கண்டுபிடிப்பு

ஜர்னல் ஸ்கொயரில் பாத் ரயில் ஏறி மன்ஹாட்டன் போய், கிராண்ட் சென்ட்ரலில் மெட்ரோ நார்த் பிடித்தால் பிராங்க்ஸில் உள்ள நியூயார்க் தாவரவியல் பூங்காவுக்கு எதிரிலேயே இறங்கலாம். 1951-ல் ஃப்ரெடெரிக் கவனா, ஆனெட் ஹெர்வி, வில்லியம் ராபின்ஸ் மூவரும் இங்கு நடந்த ஆய்வில் ‘ப்ளூரோமியூட்டிலின்’ என்ற பொருளைப் பிரித்து அறிவித்தார்கள். ப்ளூரோட்டஸ் மியூட்டிலஸ் என்று அப்போது அழைக்கப்பட்ட சின்ன வெள்ளைக் காளான்தான் மூலம். ரெய்ஷி போல மருத்துவத்தில் பெரிய பேரெடுத்த காளான் அல்ல அது. ஆனால் இன்று மருந்தாக விற்கும் ஒரு ஆன்டிபயாட்டிக் குடும்பத்துக்கே தாய் அதுதான்.

68 ஆண்டுக் காத்திருப்பு

அந்தக் குடும்பத்திலிருந்து மனிதருக்கான முதல் மருந்து 2007-ல்தான் வந்தது. குழந்தைகளின் முகத்தில் தேன் நிறத்தில் பொருக்குத் தட்டும் இம்பெடைகோ என்ற தோல் தொற்றுக்குப் பூசும் ‘ரெட்டபாமியூலின்’ களிம்பு அது. நிமோனியாவுக்கு மாத்திரையாகவும் ஊசியாகவும் கொடுக்கும் ‘லெஃபாமியூலின்’ மருந்துக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2019 ஆகஸ்டில் அனுமதி கொடுத்தது. 1951-ல் கண்ணாடித் தட்டில் தெரிந்தது நோயாளியின் வாய்க்குப் போய்ச் சேர 68 ஆண்டு. அதோடு கதை சுபமாக முடியவில்லை. மருந்தைக் கொண்டுவந்த நப்ரிவா நிறுவனம் 2023-ல் கடையைக் கட்டப்போவதாக அறிவித்துவிட்டது. புது ஆன்டிபயாட்டிக்கை அவசரத்துக்கு என்று மருத்துவர்கள் ஒதுக்கி வைப்பார்கள். அது நோயாளிக்கு நல்லது, விற்பனைக்கு நல்லதல்ல.

அடிக்கும் இடம் எது?

பாக்டீரியா உயிர்வாழப் புரதம் வேண்டும். அதைக் கட்டும் பொறிக்கு ரைபோசோம் என்று பெயர். அமினோ அமிலங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் இடம் ரைபோசோமின் பெரிய பாதியில் இருக்கிறது. ப்ளூரோமியூட்டிலின் சரியாக அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பிணைப்பு நடக்காது, புரதம் உருவாகாது, பாக்டீரியா பெருகாது. மனித உயிரணுவின் ரைபோசோம் அமைப்பில் வேறுபடுவதால் நமக்கு அந்த அடி அப்படி விழுவதில்லை.

முதலில் பன்றிக்கும் கோழிக்கும்

மனிதருக்கு வருவதற்கு வெகு முன்பே இந்தக் காளான் மருந்து தொழுவத்துக்கு வந்துவிட்டது. ‘டயாமியூலின்’ 1979-ல் கால்நடை மருந்தாக அனுமதி பெற்றது. கோழிகளுக்கு மைக்கோபிளாஸ்மா கிருமியால் வரும் நாள்பட்ட சளிக்கு இதைத் தண்ணீரில் கலந்து கொடுப்பார்கள். இந்தியக் கோழிப்பண்ணைகளிலும் இது பழகிய பெயர். ஒரு எச்சரிக்கையும் உண்டு. ரத்தக் கழிச்சலைத் தடுக்கத் தீவனத்தில் சேர்க்கும் மோனென்சின், சலினோமைசின் போன்றவற்றோடு டயாமியூலின் சேர்ந்தால் கோழிக்கு நஞ்சாகும். அதனால் தீவன மூட்டையில் என்ன கலந்திருக்கிறது என்று பார்த்த பிறகே மருந்து கொடுப்பார்கள்.

குடையிலிருந்து அல்ல, இழையிலிருந்து

லெஃபாமியூலினுக்காக யாரும் கூடை கூடையாகக் காளான் பறிப்பதில்லை. நாம் பார்க்கும் குடை, காளானின் வெளிமுகம் மட்டுமே. உடலின் பெரும்பகுதி மண்ணிலும் மரத்திலும் ஓடும் வெள்ளை இழைகள். அந்த இழைகளைப் பெரிய தொட்டிகளில் ஊட்டத் திரவத்தில் வளர்த்துப் பொருளைப் பிரிக்கிறார்கள், பிறகு வேதியியல் முறையில் மாற்றி மருந்தாக்குகிறார்கள். 2016-ல் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு படி மேலே போனார்கள். இந்தப் பொருளைச் செய்யும் ஏழு மரபணுக்களை அடையாளம் கண்டு, சோயா சாஸ் நொதிக்க உதவும் பூஞ்சைக்குள் வைத்து, அதையும் ப்ளூரோமியூட்டிலின் செய்ய வைத்தார்கள்.

காளானுக்கு ஏன் இந்த ஆயுதம்?

நமக்கு மருந்து கொடுக்க வேண்டும் என்ற நல்லெண்ணம் காளானுக்கு இல்லை. விழுந்த மரமோ சாணமோ கிடைத்தால், அதைத் தின்ன ஆயிரம் பாக்டீரியாவும் பிற பூஞ்சைகளும் போட்டிக்கு வந்துவிடும். செடி போல வெயிலில் சமைத்துக்கொள்ளக் காளானுக்குத் தெரியாது. கிடைத்த இரையைக் காக்க வேதிப்பொருளைக் கசியவிட்டுப் போட்டியாளரைத் தள்ளி நிறுத்துகிறது. எந்த எதிரிக்காகச் செய்ததோ அதற்குத்தான் அது ஆயுதம். ஒரு காளான் எல்லாக் கிருமிக்கும் மருந்தாகாததன் காரணம் இதிலேயே இருக்கிறது.

காளான் வித்துக்காரர் கண்ட ஆன்டிபயாட்டிக்

முதல் டெட்ராசைக்ளின் வகை மருந்தான ‘ஆரியோமைசின்’ 1948-ல் அறிவிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர் பெஞ்சமின் டக்கர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க வேளாண் துறைக்காக, காளானின் சதைத்துண்டிலிருந்தே கலப்பில்லாத வித்து தயாரிக்கும் முறையை வகுத்தவர் இவர். 1915-ல் காளான் வளர்ப்புக்கு ஒரு கையேடும் எழுதினார். எழுபது வயது தாண்டி, பேராசிரியர் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு லெடர்லே நிறுவனத்தில் சேர்ந்துதான் ஆரியோமைசினைக் கண்டார். அது காளானில் கிடைத்ததல்ல. மிசூரி மாநில வயல் மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியா செய்தது.

சென்னையில் படித்தவர் பெயரில் ஒரு பூஞ்சை

லெடர்லே ஆய்வகம் நியூ ஜெர்சி எல்லையை ஒட்டிய பேர்ல் ரிவரில் இருந்தது. டக்கர் அங்கே பணியாற்றியபோது ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமாவரத்தில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். கதர் அணிந்ததற்காக ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானவர். 1948 ஆகஸ்டில் காலமானார். 1953-ல் பூஞ்சையியலாளர் ஹெசல்டைன் ஒரு புதுப் பூஞ்சைக்கு ‘சுப்பாரோமைசிஸ் ஸ்ப்ளெண்டென்ஸ்’ என்று இவர் பெயரைச் சூட்டினார்.

நம் மாநிலத்துக்கு ஒரு கிருமி

பறவை, பூ, மீன் போல நியூ ஜெர்சிக்கு அதிகாரபூர்வமான நுண்ணுயிரும் உண்டு. 2019-ல் சட்டமாகி அந்தப் பெருமை ‘ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிரிசியஸ்’ என்ற பாக்டீரியாவுக்குப் போனது. 1943-ல் ரட்கர்ஸில் செல்மன் வாக்ஸ்மன் ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் இதிலிருந்துதான் ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டார். எலிசபெத் பூகியும் அந்த ஆய்வுக் கட்டுரையில் பங்காளி. ஒரு மாதிரி உரமிட்ட மண்ணிலிருந்து வந்தது, இன்னொன்று ஒரு கோழியின் தொண்டையிலிருந்து. காசநோய்க்குப் பலன் தந்த முதல் ஆன்டிபயாட்டிக் இதுதான். 1952 நோபல் வாக்ஸ்மனுக்கு மட்டும் போனது.

கல்கத்தாவின் சிவப்புக் காளான்

பட்டுப்போன மரக்கட்டையில் ஆரஞ்சும் சிவப்புமாகத் தட்டுத் தட்டாக ஒட்டியிருக்கும் காளானை ஊர்ப்பக்கம் பார்த்திருப்பீர்கள். அந்த வகையில் கிருமியெதிர்ப்புப் பொருள் இருப்பதை 1946-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதியவர் கல்கத்தா கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியின் சகாய்ராம் போஸ். ‘பாலிபோரின்’ என்று பெயரிட்டார். பென்சிலின் உலகையே பேச வைத்துக்கொண்டிருந்த நேரம், இந்தியாவிலிருந்து ஒருவர் மரக்காளான் பக்கம் திரும்பினார். ஆஸ்திரேலியப் பழங்குடி மக்கள் இதே இனக் காளானை வாய்ப்புண்ணுக்குச் சப்பிய பதிவும் உண்டு. சிவப்பு நிறத்தைத் தரும் சின்னபாரின் என்ற நிறமி பாக்டீரியாவைத் தடுப்பதைப் பின்னாளைய ஆய்வுகள் காட்டின.

5,300 ஆண்டு பழைய மருந்துப் பை

1991-ல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கிடைத்த ‘ஓட்ஸி’ மனிதர் ஏறத்தாழ 5,300 ஆண்டு பழையவர். தோல் வாரில் கோத்த இரண்டு காளான் துண்டுகள் அவரிடம் இருந்தன. பிர்ச் மரத்தில் வளரும் மரக்காளான் அது. அவர் குடலில் சாட்டைப்புழு முட்டைகளும் இருந்ததால், காளானைப் பூச்சி மருந்தாக வைத்திருந்தார் என்று சில ஆய்வாளர்கள் கருதினார்கள். இந்தக் காளானிலிருந்து ‘பிப்டமின்’ என்ற ஆன்டிபயாட்டிக்கை 2000-ல் பிரித்தார்கள். அது மருந்துக் கடை வரை வரவில்லை.

காசநோய்க்கு ஒரு கசப்பு

லார்ச் மரத்தில் தேன்கூடு போலத் தொங்கும் ‘அகாரிகான்’ காளானை முதல் நூற்றாண்டு கிரேக்க மருத்துவர் டயாஸ்கொரிடிஸ் இளைப்பு நோய்க்குச் சொல்லி வைத்தார். 2013-ல் இதே காளானிலிருந்து, காசநோய்க் கிருமியை ஆய்வகத்தில் தடுக்கும் குளோரின் கலந்த கூமரின் பொருட்கள் கிடைத்தன. ஆய்வகத்தில் என்ற சொல்லைக் கவனியுங்கள். காசநோயாளி வீட்டிலிருந்தபடியே குணமாகலாம் என்று 1959-ல் உலகுக்குக் காட்டிய புகழ்பெற்ற சென்னை ஆய்வு, ஐசோனியசிட், பாஸ் என்ற இரண்டு மருந்துகளை ஓராண்டு ஒழுங்காகக் கொடுத்துத்தான் அதைச் சாதித்தது. அகாரிகான் இன்று ஐரோப்பாவில் அரிதாகிவிட்ட காளான்.

காயத்துக்குத் தூள்

பந்து போல உருண்டு, முற்றியதும் தட்டினால் புகையாகத் தூள் கக்கும் காளானுக்கு ஆங்கிலத்தில் பஃப்பால் என்று பெயர். ரத்தத்தை நிறுத்த இதைக் காயத்தில் வைப்பது ஐரோப்பாவிலும் அமெரிக்கப் பூர்வகுடிகளிடமும் இருந்த வழக்கம். மத்திய இந்தியாவின் பைகா மக்களும் காயத்துக்கு இந்த வகையைப் பயன்படுத்தியதை எழுதி வைத்திருக்கிறார்கள். 1970-களில் இந்த இனத்திலிருந்து ‘கால்வாடிக் அமிலம்’ என்ற கிருமியெதிர்ப்புப் பொருள் கிடைத்தது. வழக்கத்துக்கு ஓர் அடிப்படை இருந்திருக்கலாம். அதற்காக இன்றைக்கு வெட்டுக்காயத்தில் பார்க்கில் பொறுக்கிய தூளைத் தூவாதீர்கள். அதில் மண்ணும் மண்ணிலுள்ள கிருமியும் சேர்ந்தே வரும்.

ரெய்ஷியின் ஐரோப்பிய உறவுக்காரர்

சீன, ஜப்பானிய மருத்துவம் தலையில் வைத்துக் கொண்டாடும் ரெய்ஷி, கானோடெர்மா இனம். அதே இனத்தைச் சேர்ந்த ஐரோப்பிய மரக்காளான் ஒன்றிலிருந்து ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் ஆய்வாளர்கள் 2000-ல் ‘கானோமைசின்’ ஏ, பி என இரண்டு பொருட்களை அறிவித்தார்கள். பல மருந்துக்கு அடங்காத எம்ஆர்எஸ்ஏ என்ற ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியும் ஆய்வகத்தில் இதற்கு அடங்கியது. கடையில் வாங்கும் ரெய்ஷி தூள் வேறு வகைக் காளான். உறவுக்காரர் சம்பாதித்த பேரை டப்பாவில் ஒட்ட முடியாது.

குதிரைச் சாணத்தில் ஒரு புரதம்

கோப்ரினோப்சிஸ் சினெரியா என்ற காளான் குதிரைச் சாணத்தில் முளைத்து, விரைவிலேயே தன் குடையைத் தானே கரைத்துக் கறுப்பு மையாக வடிந்துவிடும். சூரிச்சின் ஈடிஎச் ஆய்வாளர்கள் 2014-ல் இது ‘காப்சின்’ என்ற சிறு புரதத்தைச் சுரப்பதைக் கண்டார்கள். பாக்டீரியா தன் சுவரைக் கட்டச் சுமந்துவரும் கற்களில் ஒன்றான லிப்பிட்-2 மூலக்கூறை இது பிடித்துக்கொள்கிறது. மருத்துவமனைகளில் கடைசிக் கை மருந்தாகக் கொடுக்கும் வான்கோமைசின் குறிவைப்பதும் அதே மூலக்கூறைத்தான்.

இருட்டில் ஒளிரும், வயிற்றைக் கலக்கும்

கோடை முடிவில் நியூ ஜெர்சியின் ஓக் மர அடிக்கட்டைகளில் ஆரஞ்சு நிறக் கொத்தாக முளைக்கும் ஜாக் ஓ லான்டர்ன் காளான், நல்ல இருட்டில் அடிப்பக்கம் மங்கிய பச்சையாக ஒளிரும். இதிலிருந்து ‘இலூடின்’ என்ற பொருளை 1950-ல் பிரித்தவர்கள் அதே பிராங்க்ஸ் பூங்கா ஆய்வாளர்கள், மார்ஜரி ஆங்கெல் உள்ளிட்டோர். பாக்டீரியாவைத் தடுத்தது உண்மை. ஆனால் மனித உயிரணுவையும் விடவில்லை. மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவே இடைவெளி போதாததால் ஆன்டிபயாட்டிக்காக நிற்கவில்லை. இதிலிருந்து உருவாக்கிய இரோஃபல்வென் புற்றுநோய்க்காகச் சோதிக்கப்பட்டது.

வயலுக்கு வந்த காளான் மருந்து

பைன் காய்களின் மேல் முளைக்கும் ஒரு குட்டிக் காளானிலிருந்து 1977-ல் ஜெர்மனியின் டிம் ஆங்கெ, வோல்ஃப்காங் ஸ்டெக்லிக் இருவரும் ‘ஸ்ட்ரோபிலூரின்’ பொருட்களைக் கண்டார்கள். இவை பாக்டீரியாவை அல்ல, பிற பூஞ்சைகளைத் தடுப்பவை. வெயிலில் சீக்கிரம் சிதைந்ததால் வேதியியலாளர்கள் அமைப்பைத் திருத்தினார்கள். 1996-ல் அசாக்ஸிஸ்ட்ரோபின் சந்தைக்கு வந்தது. தமிழ்நாட்டு உரக்கடையில் நெல்லுக்கும் மிளகாய்க்கும் கேட்டு வாங்கும் பூஞ்சைக்கொல்லிகளில் இதுவும் ஒன்று.

தெளிவட்டம் என்றால் என்ன?

‘காளான் சாறு பாக்டீரியாவைக் கொன்றது’ என்ற செய்திகளில் பெரும்பாலானவற்றின் பின்னே இருப்பது ஒரு கண்ணாடித் தட்டு. கடற்பாசிக் கூழ் ஊற்றி உறையவைத்து, மேலே பாக்டீரியாவைத் தடவுவார்கள். பொத்தான் அளவு வட்டக் காகிதத்தைச் சாற்றில் நனைத்து நடுவில் வைத்து, 37 டிகிரியில் ஒரு இரவு விடுவார்கள். காலையில் தட்டு முழுக்க வெண்படலம், காகிதத்தைச் சுற்றி மட்டும் கண்ணாடி போல ஒரு வட்டம் இருந்தால் சாறு வேலை செய்கிறது. அளவுகோல் வைத்து மில்லிமீட்டரில் குறிப்பார்கள். வினிகரும் இப்படி வட்டம் போடும். வயிற்றில் செரித்து, ரத்தத்தில் கலந்து, நுரையீரல் வரை போய்ச் சேர்ந்த பிறகும் வேலை செய்யுமா என்பதைத் தட்டு சொல்லாது.

காளானுக்கும் பாக்டீரியா நோய் வரும்

கடையில் பிளாஸ்டிக் பெட்டியில் இருக்கும் வெள்ளை மொட்டுக் காளானின் தலையில் பழுப்புத் திட்டு, தொட்டால் பிசுபிசுப்பு. பெரும்பாலும் சூடோமோனாஸ் டோலாசி என்ற பாக்டீரியாவின் வேலை. ஈரம் தங்கினால் பண்ணையையே பிடித்துவிடும். ஊரில் சிப்பிக்காளானும் அருப்புக்கோட்டை தந்த ஏபிகே-2 பால் காளானும் வளர்ப்பவர்கள் வித்து போடும் முன் வைக்கோலை வேகவைப்பதும் அதிலுள்ள கிருமிகளை ஒழிக்கத்தான். காளானின் சொந்தச் சரக்கு மட்டும் போதுமென்றால் அந்த அடுப்புச் செலவு எதற்கு?

சாட்டையடித் தடிப்பு

ஷிடாக்கே காளானைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிட்ட சிலருக்கு ஓரிரு நாளில் முதுகிலும் கையிலும் சாட்டையால் அடித்த மாதிரி நீள நீளமாகச் சிவந்து தடிக்கும். 1977-ல் ஜப்பானில் முதலில் விவரித்தார்கள். காரணம் லென்டினான் என்ற பொருள் என்று கருதப்படுகிறது. இதே லென்டினான் ஜப்பானில் புற்றுநோய்க்குத் துணை மருந்தாக ஊசியில் ஏறியது. நன்றாக வேகவைத்தால் தடிப்புப் பயம் பெரும்பாலும் இல்லை.

டப்பாவின் பின்பக்கம்

1994 சட்டப்படி அமெரிக்காவில் ஊட்டத் துணைப்பொருள் விற்க, பலன் தரும் என்று முன்கூட்டி நிரூபித்து அனுமதி வாங்கத் தேவையில்லை. அதனால்தான் எந்த நோயையும் குணமாக்க இது அல்ல என்ற வாசகம் பொடி எழுத்தில் இருக்கிறது. இன்னொன்றையும் பாருங்கள். தூள் காளான் குடையில் செய்ததா, தானியத்தில் வளர்த்த இழையில் செய்ததா? இரண்டாவதென்றால் தானிய மாவும் சேர்ந்தே அரைபட்டிருக்கும். மருத்துவர் எழுதிய ஆன்டிபயாட்டிக்கை நிறுத்திவிட்டு இதற்கு மாற வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் ரெய்ஷி பக்கம் போகுமுன் மருத்துவரைக் கேளுங்கள்.

வைக்கோல் காளான் என்று ஏமாறாதீர்கள்

கோயம்புத்தூரில் 1940-களிலேயே வளர்த்துப் பார்த்த வைக்கோல் காளான் ஆசியர்களுக்குப் பிடித்த உணவு. மொட்டாக இருக்கும்போது அதைப் போலவே தோன்றும் ‘டெத் கேப்’ காளான் கொல்லும். கலிஃபோர்னியாவில் வந்து குடியேறிய ஆசியர்கள் பலர் இப்படி மாட்டிக்கொண்டதுண்டு. 2016 டிசம்பரில் மட்டும் வட கலிஃபோர்னியாவில் 14 பேர் இதன் நஞ்சுக்கு ஆளானார்கள், மூவருக்குக் கல்லீரல் மாற்ற வேண்டி வந்தது. வேகவைத்தாலும் இந்த நஞ்சு போகாது. பூண்டு கறுத்தால் விஷம், வெள்ளிக் காசு கறுத்தால் விஷம் என்ற சோதனைகள் எதுவும் செல்லாது. சாப்பிட்டு 6 முதல் 12 மணி நேரம் கழித்தே வாந்தி, பேதி தொடங்கும். நடுவில் சரியானது போல ஒரு நாள் இருக்கும், அதற்குள் கல்லீரல் கெட ஆரம்பித்திருக்கும். சந்தேகம் வந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் 1-800-222-1222 என்ற நச்சு உதவி எண்ணை அழையுங்கள், இரவும் பகலும் எடுப்பார்கள். மிச்சக் காளானைக் குப்பையில் போடாமல் காகிதப் பையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். எந்தக் காளான் என்று தெரிந்தால் சிகிச்சை சீக்கிரம் தொடங்கும்.